மௌனம் என்று தொடங்கிய கடிதம்

மூன்று மாடி ஏறியதில் மெய்ப்புத் திருத்துபவருக்கு மூச்சு வாங்கியது. தோளில் தொங்கிய துணிப்பையில் மடிக்கணினி இருந்தது. நேற்று மாலை அண்ணி தொலைபேசியில் பேசியதுதான் அந்த வாரம் அவர் வீட்டில் கேட்ட ஒரே மனிதக் குரல். அதுவும் திட்டு.

கதவைத் திறந்த முகவரியம்மா அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். விலாசம் சரியில்லாமல் திக்குத் தெரியாமல் நிற்கும் கடிதங்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்கும் பிரிவில், தபால் துறையில் முப்பது வருடம் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. பக்கத்தில் அவருடைய மாப்பிள்ளை நோட்டும் பேனாவுமாகத் தயாராக இருந்தார். கணினி பழுது பார்ப்பது அவர் தொழில். மாமியாருக்குத் துப்புத் துலக்க ஒரு வேலை வந்துவிட்டால் கடையை இழுத்துச் சாத்திவிட்டு ஓடி வந்துவிடுவார்.

விஷயம் இதுதான். மெய்ப்புத் திருத்துபவரும் அவர் அண்ணனும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. நாளை மறுநாள் அண்ணன் அண்ணியோடு கடல் கடந்து மகன் வீட்டுக்கே போகிறார், ஒரேயடியாக. அண்ணி அவருக்குத் தெரியாமல் தம்பியைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டாள். போன வருடம் அவர் மனம் இறங்கி எழுதினாரே, அதைப் படித்துவிட்டும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டீர்களே என்று கேட்டாள். தட்டச்சுக் கடையில் உட்கார்ந்து, கடையின் மின்னஞ்சலிலிருந்தே அனுப்பினாராம். அந்தக் கடை இப்போது இல்லை. பின்னால் நின்ற அண்ணியின் கண்ணில் பட்டது முதல் சொல் மட்டும்: மௌனம்.

“தேடிப் பார்த்துட்டேன். அப்படி ஒரு கடிதமே இல்லை. ஆனா அண்ணி பொய் சொல்ற ஆள் கிடையாது,” என்றார் மெய்ப்புத் திருத்துபவர். “வந்ததா வரலையான்னே தெரியாம நான் எந்த முகத்தோட போய் அவர் வாசல்ல நிக்கிறது?”

மடிக்கணினியைத் திறந்தார். கருப்புத் திரையில் வெறும் எழுத்துகள். எழுதுவது, திருத்துவது, கடிதம் படிப்பது, பதில் போடுவது எல்லாமே அவருக்கு எடிட்டர் என்கிற ஒரே மென்பொருளுக்குள்தான். நாற்பதாயிரம் கடிதங்களுக்கு மேல் சேர்ந்திருந்தன. வருகிறதை வரிசையாகப் பார்க்கும் வழக்கத்தை அவர் எப்போதோ விட்டுவிட்டார். வேண்டிய சொல்லைத் தேடுவார், அகப்பட்டதைப் படிப்பார். எதையும் அழிக்க மாட்டார். தேடாத கடிதம் அவரைப் பொறுத்தவரை வராத கடிதம்.

கடவுச்சொல்லை யாரோ திருடியிருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். அத்தை பார்த்த பார்வையில் அடங்கினார். ஆனாலும் கை சும்மா இருக்குமா? தேடல் வரியில் அந்தச் சொல்லைத் தானே அடித்துப் பார்த்தார்.

“அத்தை, இந்த கர்சர் தும்முது. மூணாவது தட்டுக்கு ஒரு அடி பின்னால குதிக்குது.”

முப்பத்தோரு கடிதங்கள் வந்தன. முப்பது பதிப்பக விவகாரம். மிச்சம் ஒன்று, ஒன்பது வருடத்துக்கு முன் அவரே அண்ணனுக்குப் போட்ட பதில்.

அதைத் திறக்கச் சொன்னார் முகவரியம்மா. அவர் தயங்கினார். சண்டைக்குக் காரணமே அதுதான். அம்மா இறந்த மாதம் அண்ணன் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். இவர் தொழில் பழக்கத்தில் அதிலுள்ள பிழைகளையெல்லாம் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். கீழே ஆறுதலாக நாலு வார்த்தை எழுத நினைத்திருந்தார். எழுதவில்லை.

முகவரியம்மா நிதானமாகப் படித்தார். ‘அம்மா போன பிறகு வீடு முழுக்க மௌனம்தான்’ என்று ஒரு வரி இருந்தது.

“அண்ணன் என்ன வேலை பார்த்தார் சார்?”

“நீதிமன்றத்துல தட்டச்சர்.”

“அப்போ இதைக் கேளுங்க. அவர் கடிதத்தைத்தான் நீங்க திருத்தி அனுப்பினீங்க. உங்க பதில் தேடல்ல வந்திருக்கு. அதே வரி இருக்கிற அவரோட கடிதம் ஏன் வரலை?”

இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. மாப்பிள்ளையின் பேனாவும் நின்றது.

“பழைய தட்டச்சு இயந்திரத்துல ஔகாரக் குறிக்குத் தனி விசை இல்லை,” என்றார் முகவரியம்மா. “‘மௌ’ன்னா கொம்பு, ம, அப்புறம் ள. அவர் விரல் அப்படியே பழகினது. பார்க்க அதுவும் ஔகாரமும் ஒண்ணுதான். கணினிக்கு ஒண்ணு இல்லை, கடைசியில நிக்கறது வெறும் ளகரம். அந்தப் பிழையைத்தான் நீங்க திருத்தியிருக்கீங்க. மாப்பிள்ளையும் இப்போ ளகரம்தான் போட்டார். போட்டதும் ரெண்டு எழுத்து ஒண்ணாச்சு, கர்சர் பின்னால வந்தது. இந்த எடிட்டருக்கு நீங்க ஏதாவது சொல்லிக் கொடுத்திருக்கீங்களா?”

சொல்லிக் கொடுத்திருந்தார். யார் அந்தச் சொல்லை ளகரம் போட்டு அடித்தாலும் தானாகவே சரியாக்கிவிடும் ஒரு கட்டளை வரி. அண்ணனுக்குப் பதில் அனுப்பிய அதே வாரம் எழுதியது. தேடல் வரியிலும் அது வேலை செய்தது.

“உங்க கடிதத்தை யாரும் திருடலை சார். அண்ணன் எழுதுற மாதிரி இந்தக் கணினியில யாரும் தேடவே முடியாதபடி நீங்களே பூட்டியிருக்கீங்க.”

அவர் அந்த வரியை அழித்தார். கொம்பு, ம, ள என்று தட்டித் தேடினார். இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அம்மா இறந்த மாதத்தது. மற்றது போன வருடத்தது, இதுவரை திறக்காதது.

‘மெளனம் போதும்டா. எனக்கும் வயசாச்சு. நான் எழுதினதை வரி விடாம படிச்சவன் நீ ஒருத்தன்தான். இதிலயும் பிளை இருக்கும். திருத்தியாவது அனுப்பு.’

பிழை என்ற சொல்லையே அண்ணன் பிழையாக அடித்திருந்தார். வேண்டுமென்றேவா, தெரியாமலா என்று அவருக்கு விளங்கவில்லை. ஒரு வருடமாக ஒரு மனிதர் சிவப்புக் கோட்டுக்காகக் காத்திருந்திருக்கிறார் என்பது மட்டும் விளங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவர் பதில் அடிக்கத் தொடங்கினார். ‘மெளனம் போதும் அண்ணா’ என்று அண்ணன் போடுகிற அதே ளகரத்தோடு. கர்சர் பின்னால் குதிக்கவில்லை.

“அனுப்பட்டுமா?” என்று கேட்டார்.

“முப்பது வருஷம் தபால்ல இருந்தவ சொல்றேன், இதை அச்செடுத்துக் கையில கொண்டு போய்க் கொடுங்க,” என்றார் முகவரியம்மா. “வீடு தெரியும் இல்ல?”

“தெரியும்,” என்றார் அவர். “நாங்க பிறந்த வீடுதான்.”