வெள்ளை காயும் நாள்

ஈரப் போர்வை ஒன்று காற்றில் எழும்பி, மாடிப்படி ஏறி வந்தவனின் முகத்தில் பளாரென்று அறைந்தது.

"கண்ணு தெரியலையா?" என்று கொடியோரம் நின்றவள் கத்தினாள். கேட்ட பிறகுதான் உறைத்தது... போர்வைக்குள் சிக்கியவனுக்கு எப்படிக் கண் தெரியும்?

போர்வை விலகியது. முதலில் ஒரு கண், பிறகு இன்னொன்று. மழைக்கு முந்தைய வானம் போலக் கறுத்த கண்கள்... சொட்டச் சொட்ட நனைந்தும் சிரித்தன. அவளுக்கு எரிச்சலாக வந்தது. அறை வாங்கியவன் சிரித்தால் அறைந்தவளுக்கு என்ன மரியாதை?

"மறுபடி துவைக்கணும் இதை. யார் நீங்க?"

"காத்து அளக்கற ஆளுங்க. ஆறு மாசமா இந்த மாடிக்கு வர்றேன். எப்பவும் உங்க அண்ணிதான் இருப்பாங்க."

ஓ... தெருவே 'தூசி சார்' என்று சொல்லும் ஆள் இவன்தானா! பக்கத்து சிமென்ட் ஆலை இரண்டாவது புகைபோக்கிக்கு அனுமதி கேட்டிருந்தது. இப்போது காற்று எப்படி இருக்கிறது, இனி எவ்வளவு கெடும் என்று அறிக்கை எழுதுவது இவனுடைய மாமாவின் ஆய்வகம். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கடை அவளுடையது. மாதம் ஒருமுறை அவன் வரும் நேரத்தில் அவள் துணி கொடுக்கப் போயிருப்பாள்.

நாலு கால் பெட்டியை மாடியின் நடுவில் நிறுத்தி, உள்ளே ஒரு வெள்ளைத் தாளைப் பொருத்தினான். "ஒரு நாள் முழுக்கக் காத்தை இழுக்கும். தாள்ல படியற தூசியை எடை போட்டுப் பார்ப்போம்" என்றான். பிறகு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான்.

"உங்க தெரு எனக்கு ரொம்பப் பிடிக்குங்க. எல்லா மாடியிலயும் வெள்ளைத் துணி... கொக்குக் கூட்டம் இறங்கின மாதிரி. ஆலைப் பக்கத்துல இப்படி ஒரு தெருவான்னு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமா இருக்கும்."

கிளிப் மாட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"ஏன்னு ஒரு தடவைகூட யோசிக்கலையா?"

"என்ன ஏன்?"

"நீங்க வர்ற நாள்ல மட்டும்தான் நாங்க வெள்ளையை வெளியில காயப் போடுவோம் சார். மெஷின் வருது, அன்னைக்குச் சூளையை நிறுத்திடுவாங்கன்னு ஆலை ஆளுங்களே ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடுவாங்க. போர்வை, திரைச்சீலை, பிள்ளைங்க சட்டை... எல்லாம் அன்னைக்குத்தான். மத்த நாள்ல வீட்டுக்குள்ள கொடி கட்டி, ஃபேன் போட்டு, அப்படியும் சாம்பல் படிஞ்சு ரெண்டாந்தரம் துவைப்பேன். எங்கம்மா இருமாம மாடி ஏறுறதே நீங்க வர்ற அன்னைக்குத்தான்!"

அவன் சிரிப்பு உதிர்ந்தது. "மெஷின் பொய் சொல்லாதுங்க."

"மெஷினைச் சொல்லலை. ஆலைக்குத் தேதியை யார் சொன்னது?"

"மாமா லெட்டர் அனுப்புவார். அது வழக்கம்..."

"கல்யாணப் பத்திரிகையா அது, நாளும் நேரமும் போட்டு அனுப்ப? திருடன்கிட்ட சொல்லிட்டுச் சோதனைக்குப் போறதுக்கு ஒரு மெஷின், ஒரு தாள், ஒரு சார்!"

அவன் முகம் சிவந்தது. "பத்து வருஷமா இந்த வேலை பண்றேன். என் எண்ணு ஒண்ணுகூடத் தப்பில்லை."

"எண்ணு சரி. நாள்தான் தப்பு."

மறுநாள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போகட்டுமே... நன்றாகக் கொடுத்தோம் என்று நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இஸ்திரி போடும்போதெல்லாம் அந்தச் சிவந்த முகம்தான் வந்து நின்றது. உண்மையைத்தானே சொன்னேன்? சொன்னவளுக்கு ஏன் வலிக்கிறது?

"என்னடி, படிச் சத்தம் கேட்டாலே எட்டி எட்டிப் பாக்கறே?" என்றாள் அண்ணி.

"பூனை அண்ணி."

"எது... மெஷின் தூக்கிட்டு வருமே, அந்தப் பூனையா?"

பத்தாம் நாள் காலை அவன் வந்தான். மூச்சிரைக்க, தோளில் பெட்டியோடு.

"இன்னைக்கு உங்க நாள் இல்லையே?"

"யாருக்கும் சொல்லலை. மாமாவுக்கும்தான். மாடி உங்களோடது... நீங்க அனுமதி எழுதிக் குடுத்தா போதும்."

எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அவன் தாளை வெளியே எடுத்தபோது அது அடுப்படித் துடைப்புத் துணியின் நிறத்தில் இருந்தது.

"இதுவரைக்கும் ஆறு தாள்... ஆறுலயும் என் கையெழுத்துங்க."

முதல்முறையாக அவனைத் திட்டத் தோன்றவில்லை. அது அவளைப் பயமுறுத்தியது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் தெருவே கூடியிருந்தது. அவன் மாமா மேடையில் நின்று படித்தார்: "காற்றில் தூசி நாற்பத்தெட்டு. நூறு வரை இருக்கலாம். எனவே இரண்டாவது புகைபோக்கியால் பாதிப்பில்லை."

பக்கத்து நாற்காலியிலிருந்து அவன் எழுந்தான். "நாற்பத்தெட்டு, நாங்க சொல்லிட்டு வந்த நாள். சொல்லாம வந்த நாள் இருநூத்திப் பன்னிரண்டு."

"உக்காருடா! யார் அனுமதி குடுத்தது?"

"மாடிக்குச் சொந்தக்காரங்க."

கூட்டம் கொந்தளித்தது. மேடையில் இருந்த அதிகாரி அறிக்கையைத் திருப்பி அனுப்பினார். வேறு ஆய்வகம், ஒரு மாதம், முன்னறிவிப்பில்லாமல் அளக்க வேண்டும். அதுவரை புகைபோக்கிக்கு அனுமதி கிடையாது.

வெளியேறும்போது மாமா அவன் முன்னால் நின்றார். "தங்கச்சி பிள்ளைன்னு சோறு போட்டு வளர்த்தேன். துணி வெளுக்கறவ பேச்சைக் கேட்டு என் தலையில மண்ணைப் போட்டுட்டே. நாளையிலேர்ந்து ஆபீஸ் பக்கம் வராதே."

"எங்க தலையில ஆறு மாசமா சாம்பலைப் போட்டீங்களே, அதுக்கு யாருங்க பதில் சொல்றது?" என்று அவள் கேட்டாள். அவர் தூறலில் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. கூடத்தின் வாசல் தாழ்வாரத்தில் இருவர் மட்டும். மழையின் வெளிச்சம் அவன் கண்களில் நடுங்கியது...

"உங்களைப் பார்க்கலைன்னாலும் இதைப் பேசியிருப்பேன்னு சொல்ல ஆசை" என்றான். "ஆனா நீங்க சொல்லலைன்னா அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே மாட்டேன். அதான் வெட்கமா இருக்கு."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு இருக்கு. வேலை போனவன் சொல்லக் கூடாது."

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. "ஊரே கேட்க உண்மை பேசத் தெரியுது. எங்கிட்ட மட்டும் வேலை கிடைச்ச அப்புறம்தான் உண்மையா?"

"உங்களைப் பிடிச்சிருக்குங்க."

சாரல் முகத்தில் அடித்தது. துடைக்காமல் நின்றாள்.

"அந்தப் பத்து நாளும் உங்க மேல கோபமா இருந்தேன்... ஏன் திரும்பிப் பார்க்கலைன்னு, ஏன் வரலைன்னு. ஆலை மேல இருக்கற கோபம் வேற. அது என்னைத் தூங்க விடும். இது விடலை."

"இப்போ தீர்ந்துடுச்சா?"

"இல்ல. தீர ரொம்ப வருஷம் ஆகும்" என்றாள். "அதுவரைக்கும் கூடவே இருங்க."