கதண்டு கொட்டிய அந்தி

கதண்டு கொட்டியது புறங்கையில். அரிப்பெடுத்தது உதட்டில்.

ஐயாவு கையை விட்டுவிட்டு உதட்டைத் தடவிக்கொண்டான். கூலியை உயர்த்தும்வரை அறுப்பில்லை என்று தெருவே அரிவாளைக் கீழே வைத்திருந்தது. மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார் என்ற பேச்சு வந்ததால், வாய்க்கால் கரைப் பனையடியில் அவன் காவல் இருந்தான். ஆட்சி மாறி வந்த முதல் தை. முற்றிய சம்பா, சேறும் பனியும் கலந்த வாசனையோடு, காற்றில்லாத அந்தியில் தானாகச் சரசரத்துக்கொண்டிருந்தது. பனை உச்சிக் கூட்டில் அந்த விஷ வண்டுகளின் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை.

போன கோடையில் ஒருமுறை கொட்டியபோதே உடம்பெல்லாம் தடித்தது. கம்பவுண்டர் அப்துல் அஜீஸ் ஊசி போட்டுவிட்டுச் சொன்னார்: "உன் உடம்புக்கு இது ஆகலப்பா. இன்னொரு தடவ கொட்டினா மூஞ்சி வீங்கும், தொண்டை அடைச்சிக்கும். நிக்காம இங்க ஓடியாந்துடு."

"கதண்டுக்கு எம்மேல அவ்ளோ ஆசையா பாய்?" என்று சிரித்துவிட்டு வந்திருந்தான்.

இப்போது உதடு கனத்தது. தொட்டால் பிறத்தியார் உதட்டைத் தொடுவதுபோல் இருந்தது. இமைகள் உப்பி, மிஞ்சிய கீற்றில் வயல் மங்கியது. தெருவுக்குப் போய்விட்டால் பெண்டாட்டி காத்தாயி இருப்பாள், வண்டி கட்டிவிடலாம். வரப்பில் நடந்தான். பின்னால் யாரோ விசிலடித்துக்கொண்டு வருகிறார்கள். நின்று, மூச்சை அடக்கிக் கேட்டான். விசிலும் நின்றது.

அது அவன் தொண்டை.

ஓடினான். சேற்றில் விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். கூப்பிட்டான். நாக்கு வாயை அடைத்துக் கிடந்தது.

எதிரே அரிக்கேன் வெளிச்சம். கம்புகள்.

"யார்றா அது?" மைத்துனன் செல்லதுரையின் குரல். காவல் மாற்ற வந்திருக்கிறார்கள்.

கையை நீட்டினான். கம்பு அதைத் தட்டிவிட்டது.

"எந்த ஊரு ஆளு நீ? லாரி எங்க நிக்குது?"

மூச்சு. கொஞ்சம் மூச்சு.

"வாயத் தொறக்குறானா பாரு. மூஞ்சியப் பாரு, மிராசு சோறு தின்னு ஊதுன மூஞ்சி. எங்க மச்சான் இங்கதான இருந்தாரு, அவர என்னடா பண்ணீங்க?"

சோற்றுத் தூக்கோடு பின்னால் வந்த காத்தாயி விளக்கை வாங்கினாள். குனிந்தாள். வெளிச்சம் முகத்தருகே சுட்டது. அவளுடைய கண்கள் அவன் முகத்தில் எதையோ தேடின. நெற்றி. கன்னம். வாய்.

"இது அவரு இல்ல," என்றாள். "இவன் கெடக்கட்டும். அவரத் தேடுங்க."

விளக்கு விலகியது. வாய்க்கால் கரையோடு, ஐயாவுவின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே அவர்கள் ஓடினார்கள்.