நிழல் விழுந்த நாகமலை

அன்று மாலை காளவாசலில் உள்ள ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: கட்டடத்தின் சொந்தக்காரர் ஜனகராஜ், அவர் மனைவி நாகமணி, மூத்த மகன் விஜய்ஆனந்த், இளைய மகனின் கூட்டாளி அசோக்குமார், இன்ஸ்பெக்டர் தங்கப்பொண்ணு, ஏட்டு மருது. இளைய மகன் கார்த்திகேஷும் இருந்தான், பிணமாக. வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்லித் திரிகிறவர்களை நம்ப வேண்டாம். ஜனகராஜ் என் உடன்பிறந்த தம்பி. நடந்ததை அவன் வாயால் கேட்டவன் நான்.

2003, ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி.

கார்த்திகேஷ் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தான். பின்மண்டை உடைந்திருந்தது. கீழ்த்தளத்து போட்டோ ஸ்டுடியோவின் இரும்பு விளக்குத் தாங்கி காலடியில் கிடந்தது. எதிரே கணினித் திரை எரிந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கணினிப் போர் விளையாட்டுக்கு நிலம் வரைவது அவன் தொழில். போட்டோ திருத்தும் மென்பொருளிலேயே வரைவான். கறுப்பு என்றால் பள்ளம், வெள்ளை என்றால் உச்சி, நடுவில் உள்ள சாம்பல் எல்லாம் இடைப்பட்ட உயரம். அந்தப் படத்தை விளையாட்டுக்குள் ஏற்றினால் மலையாக எழும்பும். ஏற்றிப் பார்ப்பது அசோக்குமார் வேலை.

மறுநாள் திங்கட்கிழமை, அசோக்குமாரின் தங்கை நாகஜோதிக்கும் கார்த்திகேஷுக்கும் பதிவுத் திருமணம். எங்கள் சாதி வேறு, அவர்கள் சாதி வேறு. தெருவில் கூடிய கூட்டம் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டது: பெண்ணின் அண்ணன்தான் அடித்தான்.

"எத்தனை மணிக்கு வந்தே?" என்றார் தங்கப்பொண்ணு.

"நாலே கால் மேடம்," என்றான் அசோக்குமார். "மத்தியானம் போன் பண்ணினான். கெழக்குப் பாதி முடிஞ்சிருச்சு, மேக்குப் பாதிதான் பாக்கி, நாலு மணிக்கு வா மாப்ளன்னான். வந்து தொட்டா சில்லுன்னு இருந்துச்சு. நாந்தான் ஸ்டேசனுக்குப் போன் போட்டேன்."

விஜய்ஆனந்த் சீறினான்: "கம்ப்யூட்டரப் பாருங்க மேடம். நாலு அஞ்சுக்கு சேமிச்சதா காட்டுது. பத்து நிமிசத்துல சில்லுன்னு ஆயிருவானாக்கும்? ஏ மாப்ள, இன்னும் நல்லா கத விடு!"

"ஏசி ஓடிக்கிட்டு இருந்துச்சுண்ணே. எனக்கு என்ன தெரியும்? நாளைக்குச் சாட்சிக் கையெழுத்தே நாந்தான் போடுறதா இருந்துச்சு."

"நீங்க எங்கே இருந்தீங்க?" இன்ஸ்பெக்டர் விஜய்ஆனந்தைக் கேட்டார்.

"வாடிப்பட்டியில சொந்தக்காரங்க நிச்சயதார்த்தம். அப்பா அம்மா காலையிலேயே போயிட்டாங்க. நான் ரெண்டு மணிக்கு ஸ்டுடியோவப் பூட்டிட்டுக் கெளம்பினேன். மூணுல இருந்து மண்டபத்துலதான். எரநூறு பேரு பாத்திருக்காங்க."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஏட்டு மருது அசோக்குமாரின் தோளைப் பிடித்தார். "வண்டியில ஏத்தவா மேடம்?"

"பொறுங்க." தங்கப்பொண்ணு திரை முன் குனிந்தார். எங்கள் ஊரின் இரண்டு மலைகள். கிழக்கே யானைமலை. மாவு சிந்தியதுபோல் ஒரு வெள்ளைத் திட்டு, ஓரங்கள் மங்கி மங்கிச் சாம்பலாகிக் கரைந்தன. மேற்கே நாகமலை. அது உயிரோடு நீண்டு கிடந்தது. இடப்பக்கம் வெயில் அடித்தது, வலப்பக்கம் கறுத்திருந்தது.

"கெழக்குப் பாதி எக்ஸ்ரே மாதிரி இருக்கு," என்றார் மருது. "மேக்குப் பாதி எம்புட்டு அழகா இருக்கு!"

இன்ஸ்பெக்டர் மற்றவர்களைக் கீழே அனுப்பிவிட்டு அசோக்குமாரிடம் தனியாகச் சற்று நேரம் பேசினார். பிறகு அந்தப் படத்தை அச்செடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு இறங்கினார். சுவர் முழுக்கக் கல்யாணப் படங்கள். மணமகள் யாராக இருந்தாலும் இடது கன்னத்தில் வெளிச்சம், வலது கன்னத்தில் மென்மையான நிழல்.

"எல்லாம் நீங்க திருத்தினதா?"

"பதினோரு வருசமா மேடம்," என்றான் விஜய்ஆனந்த்.

"அப்ப உங்ககிட்டக் கேக்கலாம். உங்க தம்பி போட்ட இந்தப் படத்துல எந்தப் பாதி நல்லா வந்திருக்கு?"

அவன் காகிதத்தைப் பார்த்தான். "மேக்குதான். கெழக்கு தட்டையா இருக்கு பாருங்க. மலைன்னா நெழல் வேணும். நெழல் இல்லாம உருவம் எங்க வரும்?"

"வாங்க மேல."

எல்லார் முன்னாலும், மருது மறுபடி தோளைப் பிடித்திருக்க, அசோக்குமார் படத்தை விளையாட்டுக்குள் ஏற்றினான். கிழக்கே யானைமலை, அடிவாரத்து ஒத்தக்கடையில் நின்று பார்ப்பதுபோல் எழுந்தது. மேற்கே நாகமலை பாதிதான் நின்றது. மறுபாதி இருந்த இடத்தில், மலை நெடுகிலும், அடி தெரியாத பள்ளம்.

"நெழல் விழுந்த எடமெல்லாம் கெணறாப் போச்சு," என்றார் தங்கப்பொண்ணு. "வெயிலயும் நெழலயும் விளையாட்டே போட்டுக்கும். வரையறவன் உயரத்த மட்டும் வைக்கணும். கார்த்திகேசுக்கு அது தெரியும், அசோக்குமாருக்கும் தெரியும். இத வரைஞ்சவருக்கு போட்டோதான் தெரியும். தம்பியக் கொன்னுட்டு, கம்ப்யூட்டர் கடிகாரத்த நாலு மணிக்கு மேல தள்ளி வச்சு, அதுவரைக்கும் அவரு உசுரோட வேலை செஞ்ச மாதிரி காட்ட மிச்சத்த நீங்களே வரைஞ்சு சேமிச்சீங்க. அப்புறம் கடிகாரத்தச் சரி பண்ணிட்டு, ரெண்டு மணிக்குக் கெளம்பிட்டீங்க. பேசாம சேமிச்சிருந்தா தப்பிச்சிருக்கலாம் விஜய்ஆனந்த். அழகு பண்ணாம இருக்க உங்க கை கேக்கல."

நாகமணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

விஜய்ஆனந்த் தகப்பனாரின் காலில் விழுந்து, தமிழ் அல்லாத எங்கள் வீட்டு மொழியில் கெஞ்சினான். குடும்ப மானத்துக்காகத்தான் செய்தேன், நாளை விடிந்தால் தெருவில் தலை காட்ட முடியுமா, இது நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றான். மருதுவுக்கும் தங்கப்பொண்ணுவுக்கும் அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

ஜனகராஜ் காலை விலக்கிக்கொண்டான். மகன் சொன்னது அத்தனையையும் இன்ஸ்பெக்டரிடம் தமிழில் திருப்பிச் சொன்னான். பிறகு மகனைப் பார்த்து, அதையும் தமிழிலேயே சொன்னான்: "எந்திரி. ஜீப்புல ஏறு."

அசோக்குமாரின் தோளிலிருந்து மருது கையை எடுத்தார்.

வழக்கில் ஆயுள் தண்டனை ஆயிற்று. இன்றும் எங்கள் கல்யாண வீடுகளில், நம் பிள்ளையைப் பெண் வீட்டார் அடித்துக் கொன்றார்கள், பழி மூத்தவன்மேல் விழுந்தது என்று பேசுகிறார்கள். எங்கள் மனம் குளிரும் என்று நினைத்துப் பேசுகிறார்கள் போலும்.

அது பொய். பெண் வீட்டார் கொல்லவில்லை. கொன்றவன் எங்கள் வீட்டுப் பிள்ளை.