மேகமில்லாத நிழல்

தீவின் வடகரையில் ஒரு நிழல் விழுந்து கிடந்தது. அதற்கு மேலே மேகம் இல்லை.

அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தாள். இல்லாத ஊர்களை வானத்திலிருந்து புகைப்படம் எடுத்ததுபோல வரைந்து கொடுப்பது அவள் தொழில். துருப்பிடித்த வாணலியைப் படம் பிடித்துப் பாலைவனமாக்குவாள். கொல்லைச் சுவரின் பாசியைக் காடாக்குவாள். மேகங்களை மட்டும் கடைசியில், நிலத்தின்மேல் விரித்த கண்ணாடித் தாள்போலத் தனி லேயரில் வரைவாள். ஒவ்வொரு மேகத்துக்கும் சற்றுத் தள்ளி அதே வடிவத்தில் ஒரு நிழல் விழ வேண்டும். மேகத்துக்கும் நிழலுக்கும் நடுவே இடைவெளி அகன்றிருந்தால் மேகம் உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். குறுகினால், தாழ்ந்து வருகிறது என்று. படத்தை நிஜமென்று கண் நம்புவது அந்த இடைவெளியில்தான்.

"எங்கேயோ கை தவறியிருக்கு," என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். பதில் சொல்ல வீட்டில் ஆளில்லை என்றான பிறகு வந்த பழக்கம்.

நிழல் லேயரை அணைத்தாள். மற்ற நிழல்களெல்லாம் போயின. அது போகவில்லை.

வெயில் பட்டால் திரையின் நிறம் ஏமாற்றும் என்று அந்த அறையின் கனத்த திரைச்சீலைகளை அவள் திறப்பதே இல்லை. உள்ளே பட்டப்பகலும் அந்திபோலத்தான். பொழுது நகர்வதை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மெஷின்தான் சொல்லும்: கடகடவென்று ஓடி, நூல் மாற்ற நின்று, மறுபடி ஓடும் அந்தச் சத்தம் ஒன்றே அவளுக்குத் துணை. முன்பெல்லாம் இன்னொரு குரலும் உண்டு. "அடியே பருந்து! எப்பப் பாரு மேலயே சுத்திக்கிட்டு. கீழ இறங்கி வா, டீ ஆறுது," என்பார் கணவர். இதே அறையில், ஓரத்துக் கட்டிலில் மாதக்கணக்கில் கிடந்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தார். "அந்த ஈரக்கறையைப் பாரேன், தீவு மாதிரி இல்ல?" என்று கூரையைக் காட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கறையைத்தான் படம் பிடித்து இந்தத் தீவுக்குக் கரையாக்கியிருந்தாள். எந்த ஊர் வரைந்தாலும் தன் வீட்டை அதில் ஒளித்துவைப்பது அவள் கையெழுத்து. தீவின் நடுவிலும் வைத்திருந்தாள், மூலை உடைந்த சிவப்புக் கூரை.

படம் கேட்டிருந்த கதைக்காரர் போனில் சிரித்தார். "பிரமாதங்க. ஆனா வடக்கே ஒரு நிழல் அனாதையா கிடக்கே? மேகத்தை விட்டுட்டீங்களோ?"

"நானும் பார்த்தேன் சார். அழிச்சா போக மாட்டேங்குது."

"அழிப்பானேன்? அந்த நிழலுக்கு ஏத்த மாதிரி ஒரு மேகத்தைப் போட்டுவிடுங்க. தீர்ந்தது."

அவளுக்கும் அது சரியென்று பட்டது. அந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் பட்டிருக்கும்.

நிழலின் விளிம்பை ஒற்றியெடுத்து, வெளிச்சம் வரும் பக்கமாகத் தள்ளிவைத்து, வெள்ளையை நிரப்பினாள். மேகமென்றால் ஓரம் பஞ்சுபோலப் பிய்ந்திருக்க வேண்டும். இது பிய்யவில்லை. எவ்வளவு மெல்லிய தூரிகையால் தடவினாலும் ஓரம் கத்தரித்ததுபோலவே நின்றது. ஒரு பக்கம் கூம்பியும் மறுபக்கம் விரல்விரலாகப் பிரிந்தும் இருந்தது.

"உடம்பில்லாம அலைஞ்சுகிட்டிருந்தே. இந்தா, வாங்கிக்கோ," என்றாள். அந்தப் பரந்த கடலுக்கு மேலே அது ஒற்றையாகத் தொங்குவதைப் பார்க்க என்னவோபோல இருந்தது. "தனியாவா சுத்துறே? இறங்கி வாயேன். இங்கயும் ஆளில்லாத வீடுதான்."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். எதிர்வீட்டு மெஷின் சட்டென்று நின்றது. பிறகு ஓடியது.

மறுநாள் அது வடகரையில் இல்லை. காட்டைத் தாண்டி வந்திருந்தது. இடைவெளியும் குறுகியிருந்தது.

மகள் போன் செய்தாள். ஊரின் மறுகோடியில் அவள் வீடு. "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"யாரோடவும் பேசாம வச்சிருந்தா குரலும் துருப்பிடிக்கும்டி."

"அதுக்குத்தானே எங்ககூட வந்திருன்னு தலைபாடா அடிச்சுக்கிறேன்?"

"இந்தப் படம் முடியட்டும்."

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். படம் ஒரு சாக்கு. கூரையின் அந்தக் கறையை விட்டுவிட்டு அவளால் கிளம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்று பிற்பகல் அறைக்குள் ஒரு வாடை எழுந்தது. நனைந்த சுண்ணாம்பும், நாளெல்லாம் படுத்த மெத்தையும், ஆறிப்போன வெந்நீரும் கலந்த அந்த வாடை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் போனபின் கட்டிலைக் கழுவிவிட்டு, மெத்தையைத் தூக்கிப் போட்டபோதே அது போய்விட்டது. கூரைக்கு மேலே ஈரத்துணியை இழுப்பதுபோல ஒரு சத்தம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, அவசரமே இல்லாமல், வழியைத் தடவித் தடவிப் பார்ப்பதுபோல நகர்ந்தது. பூனையாக இருக்கும். பூனை இவ்வளவு அகலமாகவா நடக்கும்?

அதன் பிறகு அவள் எதையும் வரையவில்லை. அழித்துப் பார்த்தாள். கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் திரை ஒளிர்ந்தபோது அது சிவப்புக் கூரைக்குப் பக்கத்தில் நின்றது.

இடைவெளி, ஒரு மயிரிழை.

திரைச்சீலையின் ஓரத்தில் எப்போதும் ஒழுகும் வெயில்கோடு இல்லை. நடுப்பகல். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மகளுக்குப் போன் செய்தாள். "வந்து கூட்டிட்டுப் போடி."

"அட! படம் முடிஞ்சுதா?"

"முடியல. இப்பவே வா."

"அம்மா? என்ன ஆச்சு? சரி சரி, இதோ வண்டியை எடுக்கிறேன். பையை எடுத்துக்கிட்டு வாசல்ல நில்லு."

பையில் எதைத் திணித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அறையைத் தாண்டும்போது திரையைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். பார்த்தாள். இடைவெளி இல்லை. வெள்ளைக்கு வெளியே சிவப்பில் எஞ்சியிருந்தது அந்த உடைந்த மூலை மட்டும்.

வாசலுக்கு வந்தாள்.

எதிர்ப்பக்கம் வெயில் கொளுத்தியது. தையல்காரம்மாவின் சுவர் கண் கூச வெளுத்திருந்தது. திறந்த கதவருகே அந்தம்மா மெஷினில் குனிந்திருந்தாள். இந்தப் பக்கம் மட்டும் நிழல். அதன் ஓரம் தெருவின் நடுவில் விரல்விரலாகப் பிரிந்து கிடந்தது.

மேக நிழல் கடந்து போகும். இது கடக்கவில்லை. தெருவிலிருந்து வாசலை நோக்கி, மெல்ல, சுருங்கி வந்தது. வெயில் அதன் பின்னாலேயே வந்தது.

எது தாழ்ந்து வந்தால் நிழல் இப்படி நெருங்கி வரும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

அண்ணாந்து பார்க்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உச்சந்தலை ஜில்லென்றது. அதே வாடை.

மெஷின் நின்றது.

தையல்காரம்மா நிமிர்ந்தாள். கூரைக்கு மேலே, வெகு உயரத்தில் எதையோ பார்த்தாள். வாய் திறந்தபடியே நின்றது.

"அக்கா..."

"என்ன? என்ன தெரியுது?"

"அக்கா, திரும்பாதீங்க."

தையல்காரம்மாவின் பார்வை இறங்கத் தொடங்கியது. ஆகாயத்திலிருந்து கூரைக்கு. கூரையிலிருந்து தாழ்வாரத்துக்கு. தாழ்வாரத்திலிருந்து நிலைப்படிக்கு. கையில் பிடித்திருந்த துணி நழுவி விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. கண் மட்டும் இறங்கி, இறங்கி, வாசலில் நிற்பவளின் தோளுக்குப் பின்னால், ஓர் ஆள் உயரத்தில் வந்து நின்றது.