பெட்டிக்குள் ஒரு நடை

அந்தக் கேசட்டில் மேளமும் கிடையாது, தாளமும் கிடையாது. பல் டாக்டரின் மனைவி வீட்டில் தனியாக உட்கார்ந்து பாடிப் பதிவு செய்த ஒரே ஒரு பாட்டு, அவ்வளவுதான். ஆனாலும் அடித்தொனிக்கென்றே வாங்கிய புது சப்வூஃபர் பெட்டி 'தும்' என்றது.

வயரில்தான் ஏதோ கோளாறு என்று டாக்டர் நினைத்தார். அவருடையது கண்ணாடி டியூப் போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர், டியூப் ஆம்ப். இடது, வலது என்று இரண்டு ஸ்பீக்கருக்குத்தான் அதில் வழி. ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே இன்னொரு ஜோடி வயரை இழுத்து, தனிக் கரண்டில் ஓடும் அந்தக் கனத்த பெட்டிக்குக் கொடுத்திருந்தார். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் செய்த வேலை. ஃபியூஸுக்குத் தெரிந்தால் பிடித்துத் தின்றுவிடுவான்.

ஃபியூஸ் என்பது பட்டப்பெயர்; பள்ளிக்கூடத்திலிருந்து கூட வரும் சிநேகிதன். ஆம்ப் மெக்கானிக். இந்த ஆம்பைத் தன் கையாலேயே செய்து கொடுத்தவன். சின்ன வயதிலேயே இடது கால் விளங்காமல் போய், அதை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். சப்வூஃபர் என்று பேச்செடுத்தாலே அவனுக்கு ஆகாது. டியூப் ஆம்புக்கு அதைச் சேர்ப்பது நல்ல குடும்பத்தில் குழப்பம் பண்ணுகிற வேலை என்பான். டாக்டரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்று டாக்டர் வெளியூரில் இருந்தார். அன்று இரவே அவள் மாடிப்படியில் விழுந்து இறந்துபோனாள். மறுநாள் காலை டியூப் மாற்ற வந்த ஃபியூஸ்தான் முதலில் பார்த்தான். பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் போய்ச் சேர்ந்தாளே என்பதுதான் டாக்டருக்கு ஆறாத துக்கம். அவருக்காகப் பாடி வைத்துவிட்டுப் போனாள் என்பது மட்டும்தான் ஆறுதல். அந்தக் குரலை முழுசாக ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்றுதான் பெட்டியை வாங்கினார்.

பெட்டிக்கு இடம் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. நாம் உட்கார்ந்து கேட்கும் நாற்காலியில் பெட்டியை வைத்துவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ வேண்டும். எந்த மூலையில் சத்தம் துலக்கமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டி குடியேறும். ஊரையே வாயைத் திறக்க வைக்கிற டாக்டர், அந்த மழை மத்தியானத்தில், சூடேறிய டியூபின் தூசி வாசனைக்கு நடுவே, தன் வாயைப் பிளந்துகொண்டு முட்டி தேயத் தவழ்ந்தார்.

மாடிப்படிக்குக் கீழே வந்ததும் நின்றார். அங்கே கேட்ட 'தும்' வயர் கோளாறு மாதிரி இல்லை. பெட்டியை அங்கே நகர்த்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டார்.

அவள் பாடினாள். பாட்டுக்கு அடியில், அந்தச் சின்ன ஸ்பீக்கர்களால் இத்தனை வருஷமாக வெளியே விட முடியாத ஆழத்தில், தரை பேசியது. தும். சர். தும். சர். ஒரு கால் ஊன்றுகிறது, ஒரு கால் இழுபடுகிறது. அந்த நடையோடு சேர்ந்து நடந்துதான் அவர் வளர்ந்தார்.

அவள் குரல் நடுங்கவில்லை. ஆள் வருவது தெரிந்தும் பாட்டை நிறுத்தவில்லை. அப்படியானால் யாருக்காகப் பாடினாள்?

பாட்டு முடிந்தது. அதற்குப் பிறகு வெறும் நாடா என்றுதான் அவர் எப்போதும் அணைத்துவிடுவார். இன்று கை எழவில்லை.

நாடாவில் இரண்டு பேர் படியேறினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஏதோ கனமாக உருண்டு வந்தது. அதன் பின்னால், அவசரமே இல்லாமல், தும், சர், ஒருவன் இறங்கினான்.

"வேணாம்னு எத்தனை தடவ சொன்னேன். கேட்டியாடா நீ?"

வாசலில் ஃபியூஸ் நின்றிருந்தான். வீட்டுச் சாவி அவனிடமும் ஒன்று உண்டு, டாக்டரே கொடுத்ததுதான். அவன் குரலில் கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"காலையிலதான் வந்தேன்னு சொன்னியேடா," என்றார் டாக்டர். "என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதியே."

அவன் கதவைத் தாழிட்டான்.

டாக்டர் ஆம்பை அணைத்தார். டியூபுகளின் செம்மை மெல்ல மங்கியது. நாடாவையும் நிறுத்தினார். அறையில் மழைச் சத்தம் மட்டும்.

தும்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சர்.

ஃபியூஸ் அசையவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து நின்றவன், பெட்டியையே பார்த்தான். அவனுக்கும் கேட்டது. முகம் வெளுத்துவிட்டது.

தும். சர். பெட்டிக்குள் அந்த நடை கூடத்தைத் தாண்டியது. தும். சர். நாற்காலிக்குப் பின்னால் வந்தது. நின்றது.

அப்போதுதான், யாரோ பிடித்துத் தள்ளியது போல, ஃபியூஸ் முதல் அடியை எடுத்து வைத்தான்.

பெட்டிக்குள் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. அறையில் அது இன்னும் விழவில்லை; டாக்டர் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.