லோகு பாடிய ஐந்தாவது பாட்டு

எங்கள் இசைக்குழுவின் பெயர் ‘ஓட்டை டப்பா’. சிரிப்பதென்றால் சிரித்துவிட்டு வாருங்கள். பெயர் வைத்தது நான்தான், கிரேஸ்.

1998-இல் ஐயம்பேட்டையில் எங்கள் முதல் கேசட்டை நாங்களே பதிவு செய்தோம். லோகேஸ்வரன் வீட்டு முன்னறைதான் எங்கள் ஸ்டுடியோ. ப்ரியங்கா தண்ணீர் ஊற்றிய டம்ளர்களை ஸ்பூனால் தட்டுவாள். நான் பிஸ்கட் டின்னும் சைக்கிள் மணியும் வாசிப்பேன். டேப் ரெக்கார்டர் என் அப்பாவுடையது. அதனால் பட்டனை நான் மட்டும்தான் அமுக்குவேன். வேறு யாராவது விரல் வைத்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

லோகு சீப்பில் காகிதம் சுற்றி ஊதுவான். பாட மாட்டான். ஏழாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து அவன் குரல் கரகரவென்று ஆகிவிட்டது. வகுப்பில் ‘தவளை’ என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, ஐந்தாவது பாட்டைத் தானே பாடுவதாகச் சொன்னான். பாடினான். கரகரப்புதான், ஆனால் அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதே இல்லை. ப்ரியங்கா டம்ளரைத் தட்ட மறந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைச்சல்தான் வந்தது. பதிவு செய்ய இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். லோகு பாடப்போகிற சந்தோஷத்தில் நான் ஒன்றைத்தான் அமுக்கியிருக்கிறேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் நானும் ப்ரியங்காவும் லோகு வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா தையல்நாயகி அத்தை தறியில் நெய்துகொண்டிருந்தார். பாட்டு பதிவாகவில்லை என்றதும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பட்டன் விஷயத்தில் எத்தனை பேரை அதட்டியிருப்பேன்! வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“தறி அதிர்ந்துச்சு இல்ல, அதுல பட்டன் எகிறிடுச்சு.”

அத்தை என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தறிக்குழியிலிருந்து மேலே ஏறி வந்தார்.

“நிறுத்திட்டேன்மா. நீங்க பாடுங்க.”

வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்குத் தர வேண்டிய சேலை பாதியில் நின்றது. ஆனால் லோகு பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டான். ப்ரியங்கா என் காதருகில் குனிந்தாள்.

“நேத்து அமாவாசைடி. தெருவுல எந்தத் தறி ஓடிச்சு?”

அமாவாசையன்று இங்கே யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். பொய் சொல்லும் அவசரத்தில் மறந்துபோனேன். அத்தை எல்லாம் தெரிந்தேதான் எனக்காக எழுந்திருக்கிறார். வெட்கத்தில் என் காதெல்லாம் சுட்டது. அப்படியே ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஓடவில்லை. கொல்லைப்புறம் போனேன். லோகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்காமலே கேட்டான்.

“என் குரல் அசிங்கமா இருக்குதுன்னுதானே அழிச்சிட்ட?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் மானத்தைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்யால் அவன் இப்படியா நினைத்துவிட்டான்?

“அழிக்கலடா. ரெக்கார்ட் பட்டனை நான் அமுக்கவே இல்ல. தப்பு பண்ணிட்டு தறி மேல பழி போட்டேன். நேத்துலருந்து உன் பாட்டுதான் காதுல ஓடிக்கினு இருக்குது.”

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு மெதுவாக எழுந்து என்னோடு உள்ளே வந்தான். அத்தையிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். தலை நிமிரவே இல்லை. சத்தம் எங்களுக்குத் தொந்தரவில்லை, நீங்கள் நெய்யுங்கள் என்று கெஞ்சினேன். அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“சொல்லிட்ட இல்ல, வுடுமா,” என்று தறிக்குழியில் இறங்கினார்.

டேப் ரெக்கார்டரை நான் ப்ரியங்கா பக்கம் நகர்த்தினேன். அவள் நம்ப முடியாமல் என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு பட்டன்களையும் அழுத்தினாள்.

பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. லோகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தான். நடுவில் ஒருமுறை அவன் குரல் கீச்சென்று உடைந்தது. நாங்கள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவனும் நிறுத்தவில்லை.