வியாழக்கிழமைக் கட்டம்

எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். சோர்வையும் சேர்த்தால் ஐந்து.

அப்பா லாரி ஓட்டுகிறார். கிளம்பினால் பத்து நாள் கழித்துத்தான் வருவார், வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தூங்குவார். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறாள். துவைத்துக் காய்ந்த படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்புகள், அதுவும் நின்றுகொண்டே. என் தம்பிக்கு ஐந்து வயது. அவன் மட்டும் இதுவரை சோர்ந்ததே இல்லை. அவனுடைய பங்கையும் நாங்கள்தான் சுமக்கிறோம்.

எனக்குப் பதினொரு வயது. வீட்டில் என்னை ‘முணுமுணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையையும் மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வேன்.

இப்படிப்பட்ட எனக்குத்தான் அந்த அட்டை வந்து சேர்ந்தது.

எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர் மற்ற நாட்களில் தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஆறு அட்டைகள். வகுப்பிலும் ஆறு பேர்தான். ஒவ்வோர் அட்டையின் தலையிலும் ஒரு நற்குணம். அதன் கீழே ஞாயிறு முதல் சனி வரை ஏழு கட்டங்கள்.

“ஆளுக்கு ஒண்ணு எடுங்க. அட்டையில இருக்கிறபடி அன்னிக்கு நடந்துக்கிட்டா, வீட்டுல பெரியவங்க அந்தக் கட்டத்துல கையெழுத்துப் போடணும். ஏழு கட்டமும் நிறைஞ்சவங்க அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு மணி அடிக்கலாம்” என்றார் டீச்சர்.

ஆலய மணி!

அந்த மணிக்கயிற்றை நான் ஒரு வருடமாகப் பார்த்துப் பார்த்து ஏங்குகிறேன். அதன் நுனியில் பல கைகள் பிடித்து வழவழவென்று ஆகிவிட்ட ஒரு பெரிய முடிச்சு இருக்கும். அதைப் பிடித்து இழுத்து விட்டால், கயிறு நம்மைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கும் என்று கேள்வி. வீட்டில் இதைப் பற்றி நான் பேசாத நாளே கிடையாது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை நாங்கள் ‘ஓட்டைப்பல்’ என்போம். அவனுக்கு வந்த அட்டை ‘சந்தோஷம்’. நாள் முழுக்க இளிப்பதுதான் அவன் தொழிலே. எனக்கு வந்தது ‘நீடிய பொறுமை’. வெறும் பொறுமையே எனக்குக் கஷ்டம். அதற்கு ‘நீடிய’ என்று ஒரு வால் வேறு.

அன்று மாலை அட்டையை அம்மாவிடம் நீட்டினேன். சலவைக் கூடத்தில் அம்மாவோடு வேலை செய்யும் அக்கா அந்த வாரம் விடுப்பு. அதனால் அம்மாவுக்கு இரண்டு ஆள் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் மதியத்துக்கு மேல் போய் வந்திருந்தாள். பாதிக் கண்ணை மூடியபடி அட்டையைப் பார்த்தாள்.

“தினமும் கையெழுத்தா? எனக்குத் தெம்பு இல்லடி. மொத்தமாப் போட்டுடறேன்.”

“அது எப்படிம்மா? இன்னும் திங்கக்கிழமையே வரலியே!”

“நீ பொறுமையாத்தான் இருப்பே. எனக்குத் தெரியாதா?”

ஏழு கட்டத்திலும் கையெழுத்து விழுந்தது. நடுவில் ஒருமுறை தூங்கிவிட்டாள் போல. வியாழக்கிழமைக் கையெழுத்து கோடு கோடாக இழுத்துக்கொண்டு கட்டத்துக்கு வெளியே போயிருந்தது. போட்டு முடித்ததும் அட்டையை மூன்றாக மடித்து, பிறகு இரண்டாக மடித்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்து என் கையில் கொடுத்தாள். விரிப்பு மடித்துப் பழகிய கை அது. வீட்டில் எதைக் கொடுத்தாலும் மடிக்கும்.

திங்கட்கிழமை தம்பி என் ஷூவுக்குள் பற்பசையைப் பிதுக்கி வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு கிண்ணம் சாப்பாட்டை ஒன்றரை மணி நேரம் சாப்பிட்டான். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை குளிக்க மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு நானும் கட்டிலுக்கு அடியில் போனேன். பொறுமையாக இருந்தால் பல் வலிக்கும் என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதே எனக்குக் கால் வலித்தது. தம்பியை அவன் பள்ளியிலிருந்து அழைத்துவந்து, கைகால் கழுவிவிட்டு, சாப்பாடு கொடுத்தேன். பிறகு அலமாரியைத் திறந்தால் என் உலகப் படத்தைக் காணோம். மூன்று நாள் உட்கார்ந்து வண்ணம் தீட்டிய படம், மறுநாள் வகுப்பில் கொடுக்க வேண்டியது.

“அக்கா, கப்பல் பாரேன்!” என்று தம்பி குளியலறையிலிருந்து கூப்பிட்டான்.

வாளியில் ஒரு காகிதக் கப்பல் மிதந்துகொண்டிருந்தது. என் உலகம்தான். நீலக்கடல் கரைந்து வாளித் தண்ணீர் முழுக்க நீலமாகிவிட்டது.

நான் பத்து வரை எண்ணினேன். பிறகு இருபது வரை எண்ணினேன். அதற்கும் சரிப்படாமல் அறுபது வரை போனேன். தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு தாளை எடுத்து முதலிலிருந்து வரைய உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அம்மா வந்தாள். வாசலிலேயே முக்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினாள். அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.

“பாத்திரம் எல்லாம் அப்படியே கிடக்கு! நாள் பூரா வீட்டுல என்னதான் பண்றே நீ?”

நாள் பூரா வீட்டிலா! அறுபது வரை எண்ணி அடக்கி வைத்ததெல்லாம் அந்த நொடியில் வெளியே வந்தது.

“நான் பள்ளிக்கூடம் போகலியா? இவனைக் கூட்டிட்டு வரலியா? இவனுக்குச் சாப்பாடு குடுக்கலியா? நீ மட்டும் வந்ததும் தூங்கத்தானே போறே! பேசாம ஆஸ்பத்திரியிலேயே படுத்துக்க வேண்டியதுதானே! இங்க எதுக்கு வர்றே?”

முணுமுணுப்பு இல்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அம்மா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் என்னையே பார்த்தாள். பிறகு சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தம்பி மெதுவாக என் பக்கத்தில் வந்து காதோடு கேட்டான்: “அக்கா, உன் அட்டை போச்சா?”

“போடா அங்கிட்டு!” என்றேன். அதோடு அது முழுசாகவே போய்விட்டது.

நான் பாத்திரங்களைக் கழுவினேன். கழுவக் கழுவ அழுகையாக வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். இன்னொரு ஷூ காலில் அப்படியே இருந்தது.

தரையில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது. எழுப்பிவிடக் கூடாதே என்று மெல்ல மெல்லக் கழற்றினேன். அம்மாவின் கால் வீங்கியிருந்தது. ஷூவின் ஓரம் பதிந்த இடத்தில் சுற்றிலும் சிவப்பாக ஒரு பள்ளம். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பள்ளத்தை விரலால் நீவிவிட்டேன். அது சீக்கிரம் போகவில்லை.

படுக்கும் முன் ஜெபம் செய்ய உட்கார்ந்தேன். ‘ஆண்டவரே, அம்மாகிட்ட கத்திட்டேன், மன்னிச்சிடுங்க’ என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘ஆனா ஆண்டவரே, நீங்களும் ஒரு தடவை ஆலயத்துல கடை போட்டவங்க மேல கோபப்பட்டு மேஜையைக் கவிழ்த்தீங்களே’ என்று வாதாடப் பார்த்தேன். அவர் கவிழ்த்தது நாள் முழுக்க உழைத்து வந்த அம்மாவின் மேஜையை அல்ல என்பது எனக்கே தெரிந்தது. வாதத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது பின்னாலேயே போனேன்.

“அம்மா, மன்னிச்சிரும்மா.”

“நீ சொன்னது நெசந்தானே. வந்தா தூங்கத்தான் போறேன்.”

“இல்லம்மா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“நானும்தான் வந்ததும் வராததுமாக் கத்தினேன்.” அம்மா என் தலையைத் தடவினாள். “எனக்கு ஒரு அட்டை குடுத்திருந்தா அது திங்கக்கிழமையே கிழிஞ்சிருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் அட்டை நினைவுக்கு வந்தது.

“வியாழக்கிழமைக் கட்டத்தை அடிச்சிடவா?”

“எதுக்கு? ஒரு வருஷமா மணி, மணின்னு உயிரை எடுத்தே. நீ யாரைத் திட்டினே? என்னை. கையெழுத்துப் போட்டது யாரு? நான். நானே மன்னிச்சிட்டேன். விடு.”

அம்மாவே விடச் சொல்லிவிட்டாள்! இனி யார் கேட்கப்போகிறார்கள்? அந்த வெள்ளியும் சனியும் எனக்கு நிம்மதியாகப் போயிருக்க வேண்டும். ஆனால் போகவில்லை. அட்டையை எத்தனை முறை பிரித்தாலும் கண் நேராக வியாழக்கிழமைக்குத்தான் போனது. அந்தக் கோடு கோடாக இழுத்த கையெழுத்து. தூக்கக் கலக்கத்திலும், “எனக்குத் தெரியாதா?” என்று என்னை நம்பிப் போட்டது. அதைக் காட்டி மணி அடிக்க எனக்கு மனசு வரவில்லை. மணி அடிக்காமல் இருக்கவும் மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் மேசை முன்னால் வரிசையில் நின்றோம். ஒருத்தியின் அட்டை துணியோடு சேர்ந்து துவைபட்டிருந்தது. இன்னொருவன் தொலைத்துவிட்டான். மற்ற இரண்டு பேருக்கும் நாலு கட்டத்தைத் தாண்டவில்லை. ஓட்டைப்பல் ஏழும் நிறைத்துவிட்டான். டீச்சர் அவன் அட்டையில் நட்சத்திர முத்திரையை, தபால் முத்திரை மாதிரியே மேசை அதிரக் குத்தினார். டப், டப், டப் என்று ஏழு முறை.

அடுத்தது நான்.

“அட, ஏழும் நிறைஞ்சிருக்கே!” என்று டீச்சர் முத்திரையைத் தூக்கினார்.

“டீச்சர், வியாழக்கிழமை வேண்டாம்.”

“அம்மா கையெழுத்து இருக்கே?”

“அம்மாவுக்கு முடியலேன்னு ஞாயித்துக்கிழமையே எல்லாத்தையும் போட்டுட்டாங்க. வியாழக்கிழமை நான் அம்மாகிட்ட கத்திட்டேன்.”

டீச்சர் முத்திரையை மறுபடி மையில் ஒற்றினார். பிறகு ஆறு முறை குத்தினார். வியாழக்கிழமைக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்.

“ஆறும் நல்லா அழுத்தமா விழுந்திருக்கு” என்றார்.

ஓட்டைப்பல் மணி அடிக்க ஓடினான். நான் ஆலயத்துக்குள் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ‘டங்’ என்று அரைகுறையாக ஒரு சத்தம். பிறகு வெகுநேரம் கழித்து இன்னொரு ‘டங்’. அவன் ஒல்லிக்குச்சி, இழுக்கத் தெம்பு போதவில்லை. நானாக இருந்தால் எப்படி இழுத்திருப்பேன் என்று மடியில் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம், அம்மாவின் தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் விழுந்தது.

ஒரு தலை இவ்வளவு கனக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முதலில் தோள் வலித்தது. பிறகு கை மரத்தது. ஓர் ஈ வந்து என் மூக்கில் உட்கார்ந்து, எழுந்து, பிடித்துப்போய் மறுபடி உட்கார்ந்தது. நான் அசையவில்லை. கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் மட்டும் உட்கார்ந்தே பாடினேன், அதுவும் முணுமுணுப்பாக. அந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பழக்கம் இருந்தது.

அப்போது பக்கத்துக் கதவருகே யாரோ கையசைப்பது தெரிந்தது. டீச்சர்! பக்கத்தில் ஓட்டைப்பல் சிவந்த உள்ளங்கைகளை ஊதிக்கொண்டு நின்றான். ஆராதனை முடிந்ததும் அடிக்க வேண்டிய மணிக்கு அவனுக்குத் துணை வேண்டும் என்று புரிந்தது. ‘நீ வா’ என்று இருவரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் கயிறு தொங்கியது. முடிச்சுகூடத் தெரிந்தது.

எழுந்தால் போதும். பத்தடி தூரம்தான்.

அம்மா வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் அவள் இப்படி நிம்மதியாகத் தூங்கி நான் பார்க்கவேயில்லை.

நான் தலையை அசைத்து வேண்டாம் என்றேன். கண்ணால் தோளைக் காட்டினேன். டீச்சர் புரிந்துகொண்டு சிரித்தார். எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த தம்பி எதையும் கேட்காமல் அதற்குள் கதவை நோக்கி ஓடிவிட்டான்.

மணி அடித்தது. இந்த முறை முழுசாக, ஊருக்கே கேட்கிற மாதிரி. நடுநடுவே “தூக்குது! என்னைத் தூக்குது!” என்று தம்பியின் குரலும் கேட்டது. ஒரு சாண் விஷயம் உண்மைதான் போலிருக்கிறது.

அம்மா திடுக்கிட்டு விழித்தாள்.

“முடிஞ்சிருச்சா? யாரு மணி அடிக்கிறா?”

“தம்பியும் ஓட்டைப்பல்லும்.”

“ஏன், உன்னைக் கூப்பிடலியா?”

“கூப்பிட்டாங்க. தோள்ல வேலை இருந்துச்சு.”

அம்மா என் தோளைப் பார்த்தாள். அங்கே வட்டமாக எச்சில் ஈரம். கைக்குட்டையை எடுத்து அவசரமாகத் துடைத்தாள். பிறகு அதை மூன்றாக மடித்து, இரண்டாக மடித்து, ஓரத்தைத் தடவிப் பார்த்தவள், தான் செய்வது தெரிந்து சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

கை விறுவிறுவென்று மரத்துப்போயிருந்தது. ஆனால் முணுமுணுக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.